கையில் விளக்கா, துப்பாக்கியில் விளக்கா?

பூன் லே வட்டாரம் இரவு 11 மணிக்கும் முழுதாக உறங்கிவிடுவதில்லை. ஜூரோங், துவாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலைக்குச் செல்பவர்களும் மாலை வேலை முடிந்து திரும்புபவர்களும் பேருந்து நிலையத்திலும் எம்ஆர்டி நிலையத்திலும் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் டார்ச் லைட்டோடு வேலை பார்ப்பவர்கள் மூன்று வகையினர். தொழிற்சாலை வாசலிலும் கூட்டுரிமை வீட்டு வளாகத்திலும் நிற்கும் பாதுகாவல் அதிகாரி ஒருவர். சோதனைச்சாவடி போன்ற இடங்களில் காவல் புரியும் துணைப் போலிஸ் அதிகாரி இன்னொருவர். அடுக்குமாடி வீடுகளைச் சுற்றி வரும் சுற்றுக்காவல் போலிஸ் மூன்றாமவர்.

முதலாமவரிடம் விளக்கு மட்டுமே உண்டு. மற்ற இருவரின் இடுப்பில் துப்பாக்கியும் இருக்கும். இங்கேதான் உலகெங்கும் காவல் துறையினரும், துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி உள்ள நாடுகளின் பொதுமக்களும் நெடுநாளாக விவாதிக்கும் கேள்வி எழுகிறது. இருட்டில் பயன்படுத்த வேண்டிய விளக்கைத் தனியாகக் கையில் பிடிப்பது நல்லதா? அல்லது துப்பாக்கிக் குழலுக்கு அடியிலேயே பொருத்திவிடுவது நல்லதா?

"நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். மகன் தேசிய சேவைக்காகப் போலிஸ் படையில் சேர்ந்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. துணைப் போலிஸ் வேலையில் இருப்பவர்களும் உண்டு. வீட்டில் ஒரு டார்ச் லைட்டாவது வைத்திருப்பவர்கள் நாம் அனைவரும். இருட்டில் ஒருவரைப் பார்ப்பது வேறு, அவரைக் குறிவைப்பது வேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சட்டம் சொல்வது என்ன?

சிங்கப்பூரில் பொதுமக்கள் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாட முடியாது. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும் கிடைக்கும். காயம் விளைவிக்கும் நோக்கத்துடன் சுட்டால் மரண தண்டனை. தோட்டா யார் மீதும் படவில்லை என்பது அங்கே சமாதானம் ஆகாது.

அதனால்தான் துப்பாக்கி சம்பந்தப்பட்ட சம்பவம் இங்கு மிக அரிது. 2021 ஏப்ரலில் பூன் லேக்கு அருகே ஜூரோங் வெஸ்ட் வட்டாரத்தில் இருந்த உரிமம் பெற்ற கடன் கடை ஒன்றில் துணைப் போலிஸ் அதிகாரி ஒருவர் பணித் துப்பாக்கியோடு சென்று கொள்ளையடித்தபோது, தீவே அதைப் பற்றிப் பேசியது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே துப்பாக்கியைத் தினமும் உடன் வைத்திருப்பவர்கள் ஏராளம். நம் உறவினர்கள் பலர் குடியேறியுள்ள டெக்சஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய பெரும்பாலோர் தனி உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். ஆகவே விளக்கைப் பற்றிய இந்த வாதம் அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. இங்கே அது சீருடைப் பணியாளர்களுக்கு உரியது.

பொருத்தும் விளக்கு வந்த வழி

சிங்கப்பூர் போலிஸ் அதிகாரிகள் பல ஆண்டுகள் இடுப்பில் சுமந்தது டாரஸ் 85 என்ற சிறிய ரிவால்வர். அதில் 5 தோட்டாக்கள் போடலாம். அண்மை ஆண்டுகளில் அதன் இடத்தை கிளாக் 19 ரகக் கைத்துப்பாக்கி பிடித்து வருகிறது. இந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய சிறிய ரிவால்வரில் விளக்கு மாட்ட இடம் கிடையாது. புதிய கைத்துப்பாக்கிகளிலோ குழலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். விளக்கை அதில் தள்ளிப் பூட்டிவிடலாம். 1990களின் பிற்பாதியிலிருந்து இத்தகைய பள்ளம் வைத்த கைத்துப்பாக்கிகள் பரவலாயின.

விளக்கும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் இரண்டு சிறிய லித்தியம் பேட்டரிகள் போட்ட பல்ப் விளக்கு 60 லூமென் வெளிச்சம் தந்தாலே பெரிய விஷயம். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. இன்று எல்இடி வந்த பிறகு, கட்டைவிரல் அளவு விளக்கே 500 முதல் 1,000 லூமென் வரை தருகிறது. துப்பாக்கியில் பொருத்தும் விளக்குகள் பல, சுமார் 70 முதல் 120 கிராம் எடைதான்.

பொருத்திய விளக்கின் வசதி

இதன் முதல் வசதி, இரண்டு கைகளாலும் துப்பாக்கியைப் பிடிக்கலாம் என்பதே. ஒரு கையால் பிடித்துச் சுடுவதைவிட இரு கையால் பிடித்தால் குறி தவறுவது குறையும். தவறிய தோட்டா எங்கே போகும்? பக்கத்து வீட்டுக் கதவுக்கோ கீழ்த்தளத்தில் நடப்பவருக்கோ போகலாம். அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் ஊரில் இது சாதாரண விஷயமல்ல.

இரண்டாவது வசதி, கதவைத் திறக்கவோ, வானொலிக் கருவியில் பேசவோ, காயமடைந்தவரை இழுத்து அப்புறப்படுத்தவோ ஒரு கை தேவைப்பட்டாலும் மறு கையில் துப்பாக்கியும் வெளிச்சமும் சேர்ந்தே இருக்கும். அவசரத்தில் விளக்கைத் தேட வேண்டியதும் இல்லை, அதைக் கீழே தவறவிடும் பயமும் இல்லை. ஆயுதத்தோடு ஒருவன் எதிரே நிற்கிறான் என்று உறுதியாகத் தெரிந்த நேரத்தில் இது பெரிய உதவி.

பொருத்திய விளக்கின் ஆபத்து

ஆனால் அதன் வசதியிலேயே ஆபத்தும் அடங்கியிருக்கிறது. விளக்கு எங்கே திரும்புகிறதோ, துப்பாக்கிக் குழலும் அங்கேயே திரும்புகிறது. மாடிப்படியில் ஏதோ சத்தம் கேட்கிறது, யார் என்று பார்க்க வேண்டும் என்றால், பார்க்கும் ஒவ்வொரு மனிதர் மீதும் குழலை நீட்ட வேண்டிவரும். அங்கே இருப்பது குப்பை போட வந்த மூதாட்டியாக இருக்கலாம். தொலைபேசியில் பேச ஒதுங்கிய மாணவராக இருக்கலாம். போதையில் உட்கார்ந்துவிட்ட ஊழியராகவும் இருக்கலாம்.

துப்பாக்கிப் பயிற்சியில் முதல் நாளிலேயே சொல்லித்தரப்படும் விதிகளில் ஒன்று, அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே என்பது. சுட முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எதைச் சுடுகிறோம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. துப்பாக்கியில் உள்ள விளக்கையே டார்ச் லைட்டாகப் பயன்படுத்துபவர், மூன்றாவது விதியை நிறைவேற்றுவதற்காக முதல் விதியை மீறுகிறார்.

விரல்களின் சிக்கலும் உண்டு. விளக்கின் பொத்தானும் சுடும் விசையும் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. 2010 அக்டோபரில் டெக்சஸின் பிளேனோ நகரில் போதைப்பொருள் சோதனையில் ஈடுபட்ட போலிஸ் அதிகாரி ஒருவரின் துப்பாக்கி வெடித்து 25 வயது இளைஞர் உயிரிழந்தார். விசைக்குக் கீழே இருந்த விளக்குப் பொத்தானை அழுத்தத்தான் முயன்றதாக அந்த அதிகாரி கூறினார். பதற்றத்தில் ஒரு விரலை மட்டும் தனியாக அசைப்பது நாம் நினைப்பதுபோல் எளிதல்ல.

கைவிளக்கின் பலம்

கையில் பிடிக்கும் விளக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. துப்பாக்கி உறையிலேயே இருக்க, விளக்கு மட்டும் வெளியே வரும். அடையாள அட்டையைப் பார்க்கலாம், காருக்கு அடியில் தேடலாம், தொலைந்த குழந்தையை அழைக்கலாம், விழுந்து கிடப்பவரின் முகத்தைப் பார்க்கலாம். காவல் பணியில் விளக்கு தேவைப்படும் நேரங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். துப்பாக்கி தேவைப்படும் நேரம் பலருக்குப் பணிக்காலம் முழுவதிலும் வராமலேயே போகலாம்.

கைவிளக்கை உடலைவிட்டுத் தள்ளிப் பிடிக்கவும் முடியும். இருட்டில் சுடுபவன் வெளிச்சம் வரும் இடத்தைப் பார்த்தே சுடுவான் என்பதால், விளக்கைத் தலைக்கு மேலே பக்கவாட்டில் தூக்கிப் பிடிக்கும் பழக்கம் அமெரிக்காவின் எஃப்பிஐ பெயரிலேயே வழங்கிவருகிறது. இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டு ஒரு கையில் விளக்கும் மறு கையில் துப்பாக்கியுமாகப் பிடிப்பது ஒரு முறை. அதை வகுத்தவரின் பெயரால் அது ஹாரிஸ் முறை எனப்படுகிறது. தாடையை ஒட்டி, கழுத்தருகே விளக்கைப் பிடிப்பது மற்றொன்று. முறைகள் இத்தனை இருப்பதே, ஒன்றும் முழு நிறைவு தரவில்லை என்பதற்குச் சான்று.

கைவிளக்கின் குறை

எந்த முறையானாலும் துப்பாக்கி ஒரு கையில்தான் நிற்கும். இதில் நம் உடம்பே ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. ஒரு கையை இறுக மூடினால், மறு கையின் விரல்களும் தாமாகவே இறுக முனையும். அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ரோஜர் எனோகா 1991ல் வெளியிட்ட ஆய்வில், நினைக்காமலேயே துப்பாக்கி வெடிப்பதற்கு மூன்று காரணங்களைச் சுட்டினார். ஒரு கையின் இறுக்கம் மறு கைக்குப் பரவுவது, நிலை தடுமாறுவது, திடுக்கிடுவது ஆகியவையே அவை. இருட்டான மாடிப்படியில் ஒரு கையில் விளக்கும் மறு கையில் உருவிய துப்பாக்கியுமாக இறங்குபவருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் நேரலாம்.

2014 நவம்பர் 20 இரவு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நடந்தது இதுதான். பிங்க் ஹவுசஸ் என்ற அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத போலிஸ் அதிகாரி பீட்டர் லியாங், ஒரு கையில் டார்ச் லைட்டும் மறு கையில் துப்பாக்கியுமாகக் கதவைத் தள்ளித் திறந்தார். ஏதோ சத்தம் கேட்டுத் திடுக்கிட்டதாகவும் அப்போது துப்பாக்கி வெடித்ததாகவும் பின்னர் அவர் சாட்சியம் அளித்தார். தோட்டா சுவரில் பட்டுத் தெறித்து, ஒரு தளம் கீழே நின்ற அகாய் குர்லி என்ற 28 வயது இளைஞரின் மார்பில் பாய்ந்தது. மின்தூக்கி வராததால் மாடிப்படியில் இறங்க வந்தவர் அவர். கையில் எந்த ஆயுதமும் இல்லை. அந்தத் துப்பாக்கியின் விசையை இழுக்க ஏறத்தாழ 5 கிலோ அளவுக்கு அழுத்தம் தேவை. அப்படியிருந்தும் அது வெடித்தது.

2016 பிப்ரவரியில் நடுவர் குழு லியாங்கைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. ஏப்ரலில் நீதிபதி குற்றச்சாட்டின் கடுமையைக் குறைத்து, 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 800 மணி நேர சமூக சேவையும் விதித்தார். குர்லியின் குடும்பத்துக்கு 40 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கப்பட்டது. ஆனால் அவருடைய சிறு மகளுக்குத் தந்தை திரும்பி வரவில்லை.

இந்தச் சம்பவத்தை வைத்துக் கைவிளக்கு மோசம், பொருத்திய விளக்கே சரி என்று முடிவு கட்டிவிட முடியாது. லியாங்கின் கையில் இருந்த விளக்கு நன்றாகவே எரிந்தது. அந்த மாடிப்படிக்குத் தேவைப்பட்டதும் அந்த விளக்கு மட்டும்தான். துப்பாக்கி உறையிலேயே இருந்திருந்தால் குர்லி வீடு போய்ச் சேர்ந்திருப்பார். துப்பாக்கியிலேயே விளக்கு பொருத்தியிருந்தாலும், விரல் விசை மேல் இருந்திருந்தால் வேறு விதமாக நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

விளக்கே இல்லாத இருட்டு

விளக்கே போடாமல் சுட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உலகறிந்த உதாரணம் உண்டு. 2013 பிப்ரவரி 14 அதிகாலையில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தம் வீட்டில் பூட்டிய கழிவறைக் கதவின் வழியே 4 முறை சுட்டார். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். இருட்டில் திருடன் என்று நினைத்துவிட்டதாக அவர் கூறினார். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. கதவுக்குப் பின்னால் இருந்தவர் யாராக இருந்தாலும், அவர் உயிரிழக்கக்கூடும் என்று தெரிந்தே சுட்டார் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

யார் என்று தெரியாமல் சுடுவது குற்றம் என்றால், யார் என்று தெரிந்துகொள்ளும் கருவி துப்பாக்கியைவிட முக்கியமானது என்றுதானே பொருள்?

எதைத் தேர்ந்தெடுப்பது?

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வரிசை தெளிவாகும். துப்பாக்கி சுமக்கும் எவருக்கும் முதலில் வேண்டியது கைவிளக்கு. பொருத்திய விளக்கு அதற்குத் துணை, மாற்று அல்ல. பார்ப்பதற்கும் தேடுவதற்கும் கைவிளக்கு. துப்பாக்கியை உருவியே ஆக வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் பொருத்திய விளக்கு. ஒன்று மட்டுமே வாங்க வசதி உண்டு என்றால், அது கைவிளக்காகவே இருக்க வேண்டும்.

இரண்டையும் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. விளக்கு பொருத்தினால் துப்பாக்கியின் வடிவம் மாறும். பழைய உறையில் அது சரியாக அமராது. விளக்கோடு சேர்த்து அமையும் உறையே வேண்டும், உறை விசையை முழுதாக மூடவும் வேண்டும். பொருத்திய விளக்கை, விசையைத் தொடும் கையால் அல்லாமல் மறு கையின் கட்டைவிரலால் இயக்கப் பழக வேண்டும். ஆள் யார் என்று பார்க்க வேண்டிய நிலையில் குழலைத் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்தாலும் போதும். இன்றைய விளக்குகளின் வெளிச்சம் தரையில் பட்டுத் தெறித்தே அறை முழுவதையும் காட்டிவிடும். பயிற்சி இல்லாதவர் கையில் இரண்டு விளக்கு இருப்பது இரண்டு மடங்கு பாதுகாப்பு ஆகாது.

நம் வீட்டு டார்ச் லைட்

துப்பாக்கி இல்லாத நமக்கும் இதில் பாடம் உண்டு. 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18 மணிக்குத் தீவின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. ஜூரோங், கிளமெண்டி உட்பட பல வட்டாரங்களில் சுமார் 146,000 வீடுகளும் நிறுவனங்களும் பாதிக்கப்பட்டன. 38 நிமிடங்களில் மின்சாரம் முழுமையாகத் திரும்பியது. ஆனால் அந்த 38 நிமிடங்களில் முதியவர்களைக் குளியலறைக்கு அழைத்துப் போகவும் மாடிப்படி இறங்கவும் வெளிச்சம் தேவைப்பட்டது.

நம் கண்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிரகாசமான வெளிச்சம் முகத்தில் பட்டால் அந்தப் பழக்கம் ஒரே நொடியில் போய்விடும். எனவே வீட்டுக்கு 1,000 லூமென் விளக்கு தேவையில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சிறிய அறையில் அது சுவரில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும். 100 முதல் 300 லூமென் தாராளமாகப் போதும். விளக்கைக் கூரையை நோக்கிப் பிடித்தால் அறை முழுவதும் வெளிச்சம் பரவும். தாழ்வாரத்தில் நடக்கும்போது தரையைப் பார்த்துப் பிடியுங்கள். எதிரே வருபவரின் முகத்தில் அடிக்காதீர்கள். அவர் கண் கூசித் தடுமாறினால் படியில் விழுவார்.

பாதுகாவல் பணியில் இருக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். இரவில் சந்தேகப்படும்படி யாரையாவது கண்டால், தூரத்திலிருந்தே விளக்கை அவருடைய இடுப்பையும் கைகளையும் நோக்கிக் காட்டிக் குரல் கொடுக்கலாம். கையில் என்ன இருக்கிறது என்பதே முதலில் தெரிய வேண்டியது. ஆபத்து என்று தோன்றினால் நெருங்கிப் போகாமல் 999க்கு அழைப்பதே சரி. சாதாரண பேட்டரிகளை விளக்குக்குள் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் கசிந்து உள்ளே அரித்துவிடும். மாதம் ஒரு முறை எரியவைத்துப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, மாடிப்படி விளக்கு. புரூக்ளினில் எரியாமல் இருந்த ஒரு விளக்கிலிருந்துதான் அந்தத் துயரம் தொடங்கியது. உங்கள் புளோக்கில் மாடிப்படி விளக்கோ தாழ்வார விளக்கோ எரியவில்லை என்றால், வேறு யாராவது சொல்வார்கள் என்று கடந்து போகாமல் நகர மன்றத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். படியில் வெளிச்சம் இருந்தால், இறங்கி வருபவருக்கும் ஏறி வருபவருக்கும் எதிரே நிற்பவர் யார் என்ற சந்தேகமே வராது.